வீட்டு மெழுகுவர்த்தி: வண்ணத்துக்கு முன்னால் சூடும் திரியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த, வீட்டிலேயே மெழுகுவர்த்தி செய்வது பற்றிய குறிப்பைப் படித்தேன். ஆர்வமூட்டும் வகையில் எழுதப்பட்டிருந்த அக்குறிப்பில் வண்ணத்துக்கும் வாசனைக்கும் அலங்காரத்துக்கும் தாராளமாக இடம் ஒதுக்கியிருந்தார்கள். ஆனால் மெழுகை உருக்குவதற்கு ‘அடுப்பில் வைத்து உருக்கிக்கொள்ளவும்’ என்ற ஒரு வரியும், திரிக்கு ‘ஏதேனும் ஒரு நூல்’ என்ற சொற்களும் மட்டுமே கிடைத்திருந்தன. இக்கைவேலையைப் பழகிப் பிறருக்கும் சொல்லிக்கொடுத்து வருபவன் என்ற முறையில், புதிதாகத் தொடங்குபவர்கள் இடறுவது பெரும்பாலும் இவ்விரண்டு இடங்களில்தான் என்பதைத் தங்கள் வாசகர்களின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

மெழுகுவர்த்திக்குப் பயன்படும் பாரஃபின் மெழுகு பொதுவாக 50 முதல் 65 டிகிரி செல்சியஸுக்குள் உருகிவிடும். தேன்மெழுகுக்கு 62 முதல் 64 டிகிரி வேண்டும். அடுப்பின் மேல் நேரடியாக வைத்த பாத்திரமோ கொஞ்ச நேரத்திலேயே இதைப்போல் மும்மடங்கு சூட்டை எட்டிவிடக்கூடியது. தண்ணீராக இருந்தால் கொதித்துக் குமிழியிட்டு நம்மை எச்சரிக்கும். மெழுகு அப்படிச் செய்வதில்லை. சலனமே இல்லாமல் சூடேறிக்கொண்டிருந்து, பிறகு புகையத் தொடங்கி, ஏறத்தாழ 200 டிகிரியை எட்டும்போது அதிலிருந்து எழும் ஆவி ஒரு பொறி பட்டாலே பற்றிக்கொள்ளும் நிலைக்கு வந்துவிடுகிறது. ஆகையால் அகன்ற பாத்திரம் ஒன்றில் தண்ணீரைச் சுடவைத்து, அதன் அடியில் ஒரு வளையத்தையோ சிறு தாங்கியையோ போட்டு, மெழுகுள்ள பாத்திரத்தை அதன் மேல் இறக்கி உருக்குவதே பாதுகாப்பான முறை. வெளிப்பாத்திரத்தில் தண்ணீர் இருக்கும்வரை உள்ளே இருக்கும் மெழுகு 100 டிகிரியைத் தாண்ட வழியே இல்லை. தண்ணீர் வற்றிவிட்டால் அந்தப் பாதுகாப்பும் போய்விடும் என்பதால், உருகி முடியும்வரை அடுப்படியை விட்டு நகரக் கூடாது. தொலைபேசி மணி அடித்தால் அடுப்பை அணைத்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

அக்குறிப்பில் அறவே விடுபட்டிருந்த எச்சரிக்கை ஒன்று உண்டு. மெழுகு தீப்பற்றிவிட்டால் அதன்மேல் ஒருபோதும் தண்ணீரை ஊற்றக் கூடாது. மெழுகைவிடத் தண்ணீர் கனமானது. எரியும் மெழுகுக்கு அடியில் அது இறங்கி, நொடியில் நீராவியாகி, ஆயிரம் மடங்குக்கும் மேலாக விரிகிறது. அந்த விரிவு கொதிக்கும் மெழுகைத் துளித்துளியாக மேலே வீச, ஒவ்வொரு துளியும் காற்றில் எரிய, கூரையைத் தொடும் தீப்பிழம்பு எழுகிறது. அடுப்பை அணைத்துவிட்டு, பாத்திரத்தைப் பொருந்தி மூடும் உலோக மூடியால் மூடி, அது நன்றாக ஆறும்வரை திறக்காமல் இருப்பதே செய்ய வேண்டியது. மெழுகை உருக்கத் தொடங்கும்போதே அந்த மூடியைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்தது திரி. எரிவது திரிதான் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் உருகிய மெழுகு திரியின் இழைகளுக்கு இடையே ஏறி, சுடரின் சூட்டில் ஆவியாகி, அந்த ஆவியே எரிகிறது. மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தவுடன் எழும் வெள்ளைப் புகைக்கோட்டில், திரிக்கு ஓரிரு அங்குலம் மேலே தீக்குச்சியைக் காட்டினால், சுடர் கோட்டின் வழியே கீழே பாய்ந்து திரியில் மீண்டும் அமர்வதைக் காணலாம். 1860ஆம் ஆண்டு இறுதியில் லண்டனில் மெழுகுவர்த்தியை மட்டுமே பொருளாகக் கொண்டு சிறுவர்களுக்கு ஆறு சொற்பொழிவுகள் ஆற்றிய ஆங்கில அறிவியலாளர் மைக்கேல் ஃபாரடே இதைத்தான் செய்து காட்டினார். எனவே திரியின் வேலை, சுடருக்கு வேண்டிய மெழுகைக் கூடாமல் குறையாமல் ஏற்றித் தருவதாகும். திரி மெலிந்திருந்தால் அதைச் சுற்றிச் சிறு பள்ளம் மட்டும் உருகி, ஓரத்து மெழுகு சுவராக நின்றுவிட, சுடர் தன் மெழுகிலேயே மூழ்கி அணைந்துபோகும். தடித்திருந்தால் சுடர் உயர்ந்து துடித்துக் கரியைக் கக்கும்.

தையல் நூல் இதற்கு ஆகாது. செயற்கை இழை என்றால் அது எரிவதற்கு முன் உருகிச் சுருண்டுவிடும். மெழுகுவர்த்திக்கென்றே விற்கப்படும் பின்னிய பருத்தித் திரியை வாங்குவதே சிறந்தது. பின்னல் திரி எரியும்போது நுனி ஒருபக்கமாக வளைந்து சுடரின் வெளிவிளிம்பைத் தொட்டுச் சாம்பலாகிவிடும். பிரான்சில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தப் பின்னல் வருவதற்கு முன்பு, கருகிய நுனியை அடிக்கடி கத்தரித்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. அச்சில் பொருத்துவதற்கு முன் திரியை உருகிய மெழுகில் முக்கி, காற்றுக் குமிழிகள் வருவது நின்றதும் எடுத்து, நேராக இழுத்து ஒரு தாளின்மேல் உலரவிட வேண்டும். அச்சின் அகலம் மாறினால் திரியின் தடிமனும் மாற வேண்டும் என்பதால், ஒரே அளவு அச்சில் இரண்டு மூன்று தடிமன்களை எரித்துப் பார்ப்பதைத் தவிர வேறு குறுக்குவழி இல்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகவே சொல்கிறேன். அச்சில் தண்ணீர் ஊற்றி அளந்தால், 200 மில்லிலிட்டர் பிடிக்கும் அச்சுக்கு ஏறத்தாழ 180 கிராம் மெழுகு போதும். பிறகு அச்சை ஈரம் சிறிதுமின்றித் துடைத்துவிட வேண்டும். பாரஃபின் இறுகும்போது சுருங்குவதால் திரியைச் சுற்றிக் குழி விழும். அதற்காகக் கொஞ்சம் மெழுகை மீதம் வைத்திருந்து, முதல் வார்ப்பு பாதி இறுகியதும் குழியை நிரப்பலாம். உணவில் சேர்க்கும் நீர்த்த நிறங்கள் மெழுகில் கலக்காது. கிரேயான் துண்டுகளை உருக்கிச் சேர்க்கலாம் என்று தங்கள் குறிப்பு சொல்வதை நான் ஏற்கவில்லை. அவற்றிலுள்ள நிறத்துகள்கள் திரியின் இழைகளை அடைத்துவிடுகின்றன. உடலில் தெளிக்கும் வாசனைத் திரவியத்தில் ஆல்கஹால் இருப்பதால் அதை உருகிய மெழுகில் ஊற்றுவது ஆபத்தானது. மிச்ச மெழுகைக் கழுவுதொட்டியில் கொட்டினால் அது குழாய்க்குள் இறுகி அடைத்துக்கொள்ளும். ஒரு தாளில் ஊற்றி ஆறவிட்டால் மறுமுறை உருக்கிக்கொள்ளலாம்.

அடுப்பில் நேரடியாக வைத்து உருக்கலாம் என்ற வரிக்கு ஒரு திருத்தத்தையும், எரியும் மெழுகில் தண்ணீர் ஊற்றக் கூடாது என்ற எச்சரிக்கையையும், குறிப்பு வெளிவந்த அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், வரும் ஞாயிறு வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அக்குறிப்பைக் கத்தரித்து எடுத்து வைத்திருப்பவர்கள் இன்னும் உருக்கத் தொடங்கியிருக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகர்