பாலாத்துத் தண்ணிய பத்தி பாப்பாவுக்கு

பாப்பா,

போன்ல நீ கேட்டதுக்கு பாதிதான் சொன்னேன், அதுக்குள்ள உனக்கு பஸ் வந்துடுச்சி, அதான் டைப் பண்ணி அனுப்பறேன். ஆத்துல கார்பன் இருந்தாலே அது சாக்கடைதான்னு உங்க டீம்ல பேசிக்கறாங்கன்னு சொன்ன இல்ல, அது சரியில்லம்மா.

கார்பன் இல்லன்னா ஆத்துல ஒரு புழு பூச்சி கூட இருக்காது. ஜவ்வாது மலைப்பக்கம் மழை பேஞ்சா எலை, தழை, மண்ணு எல்லாம் ஓடையில எறங்கி பாலாத்துக்கு வருது, மீன் வரைக்கும் எல்லாத்துக்கும் சாப்பாடு அங்க இருந்தும் வருது. அப்புறம் மழைத்தண்ணி மண்ணுல இருக்கற கார்பன் டை ஆக்சைடோட சேந்து லேசான ஆசிட்டா மாறி நம்ம ஊர் பாறைய கொஞ்சம் கொஞ்சமா கரைச்சி பைகார்பனேட்டா, அதாவது தண்ணியில கரைஞ்ச கார்பனா, ஆத்துல கொண்டாந்து விடுது. இது மனுஷன் பொறக்கறதுக்கு முன்னாடியே நடந்துகினு இருக்கறது. உலகத்துல இருக்கற ஆறு, ஓடை எல்லாம் சேந்து வருஷத்துக்கு சுமார் 180 கோடி டன் கார்பன கார்பன் டை ஆக்சைடா காத்துல விடுதுன்னு 2013ல ஒரு கணக்கு வந்துச்சி, அதுல பெரும்பங்கு இந்த மாதிரி இயற்கையா வர்றதுதான்.

நாம சேக்கறது வேற ரகம். வேலூர்ல நிக்கல்சன் கால்வாய்ல வர்ற சாக்கடைய எடுத்துக்கோ. சுத்தம் பண்ணாத சாக்கடையில பிஓடி, அதாவது கழிவ தின்ன பாக்டீரியாவுக்கு தேவைப்படற ஆக்சிஜன் அளவு, லிட்டருக்கு 200, 300 மில்லிகிராம் இருக்கும், ஆத்துல குளிக்கணும்னா 3க்குள்ள இருக்கணும்னு விதி. பாக்டீரியா சாக்கடையில இருக்கற கார்பன தின்னுட்டு தண்ணியில இருக்கற ஆக்சிஜன காலி பண்ணிடும், ஆக்சிஜன் தீந்தா மீத்தேன் கெளம்பும், 100 வருஷ கணக்குல பாத்தா அது கார்பன் டை ஆக்சைட விட 27, 28 மடங்கு சூடு ஏத்தும்.

தோல் ஷாப்பு, அதாவது தோல் பதம் பண்ற தொழிற்சாலை விஷயத்துல எல்லாரும் குரோமியம், உப்புன்னுதான் பேசறாங்க. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டையில ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டு பதம் பண்ண காலத்துல இருந்தே அந்த பழுப்புத் தண்ணியில டானின்னு பட்டையோட துவர்ப்புச் சத்து இருக்கு, அதுவும் கார்பன்தான், ஆனா லேசுல மக்காது. அதனால பிஓடி மட்டும் பாத்தா கம்மியா தெரியும், சிஓடியும், அதாவது கழிவ கெமிக்கல் போட்டு ஆக்சிஜனேத்த எவ்ளோ ஆக்சிஜன் வேணும்ங்கற அளவும், சேத்து பாக்கணும். தோல் ஷாப்பு கழிவால கிட்டத்தட்ட 35,000 ஹெக்டேர் நெலம் கெட்டுதுன்னு 1996 சுப்ரீம் கோர்ட் தீர்ப்புலயே இருக்கு, அத நெனச்சா எனக்கு இன்னும் வயிறு எரியுது.

நீ பாக்கற புனே முத்தா ஆத்துல தண்ணி ஓடும், நம்ம பாலாறு பெரும்பாலும் மணல்தான். காஞ்ச ஆத்துமண்ணுல மொத மழை விழுந்தா தூங்கிகினு இருந்த பாக்டீரியா முழிச்சிகினு ஒரே அடியா கார்பன் டை ஆக்சைட விடும், வருஷத்துல ஒரு நாள் போய் தண்ணி மொண்டு வந்தா இது தெரியவே தெரியாது. பாசி இருக்கற எடத்துல பகல்ல கார்பன் டை ஆக்சைடு கொறையும், ராத்திரியில ஏறும். அதனால விடிகாலையிலயும் எடு, மதியமும் எடு, ஊருக்கு மேல ஒண்ணு, சாக்கடை கலந்த பின்னாடி ஒண்ணு. எந்த கார்பன் யாரோடதுன்னு அப்பதான் பிரிச்சி சொல்ல முடியும், சும்மா ஆத்து மேல பழி போடக் கூடாது.

கேஸ் அளக்கற பாட்டில தண்ணிக்குள்ளயே வெச்சி வழிய வழிய நிரப்பி மூடு, குமிழி நின்னுச்சின்னா ரீடிங் தப்பாயிடும்.

அப்பா