புகைப்பட ஆர்வலர் சங்கம், திருநெல்வேலி: செயலாளரின் ஆண்டறிக்கை (2024–2025)

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, துணைத் தலைவர், பொருளாளர் மற்றும் செயற்குழு உறுப்பினர்களே, பொதுக்குழுக் கூட்டத்துக்கு நேரம் ஒதுக்கி வந்திருக்கும் நண்பர்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான காலத்தில் நம் சங்கம் ஆற்றிய பணிகளை உங்கள் முன் வைப்பது செயலாளர் என்ற முறையில் என் கடமையாகும்.

மாதாந்திரக் கூட்டங்கள் வழக்கம்போல் நடைபெற்றன. மாதப் போட்டி டிசம்பர் நீங்கலாக எல்லா மாதங்களிலும் நடத்தப்பட்டது. ஆகஸ்ட் 19, உலகப் புகைப்பட தினத்தன்று பள்ளி மாணவர்களுக்கு அரை நாள் பயிற்சி முகாம் நடத்தினோம். சுலோசன முதலியார் பாலத்தில் மாலை நேரப் படப்பிடிப்பு நடந்தது. கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோயிலுக்குச் சென்றிருந்தோம்; உள்ளே படமெடுக்க முன்அனுமதி பெறாமல் வர வேண்டாம் என்று அறிவித்திருந்தும் சிலர் வந்தமையால், அவர்கள் வீரபத்திரர், கர்ணன் சிற்பங்களைக் கண்ணால் மட்டும் பார்த்துத் திரும்பினார்கள்.

கழுகுமலைப் பயணத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பாண்டியர் காலத்தில், 8ஆம் நூற்றாண்டில், மலைப்பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து செதுக்கத் தொடங்கி, விமானம் முழுமை பெற்றும் அடிப்பகுதி முற்றுப்பெறாமலும் நின்றுவிட்ட வெட்டுவான் கோயிலை நம் உறுப்பினர்களில் பலர் அன்றுதான் முதன்முறையாகப் பார்த்தார்கள். சுற்றிலும் பாறை உயர்ந்து நிற்பதால் உச்சி வெயிலில் சிற்பங்களின் முகங்களில் நிழல் அடர்ந்துவிடும். காலைச் சாய்வெயிலில்தான் மத்தளம் வாசிக்கும் தட்சிணாமூர்த்தியின் விரல்கள் வரை துலங்கும். இதற்காகவே வேன் அதிகாலை ஐந்து மணிக்குப் புறப்படும் என்று அறிவித்திருந்தோம். வாட்ஸ்அப் குழுவில் பெயர் கொடுத்தவர்களில் கணிசமானோர் வரவும் இல்லை, வர இயலாது என்று தெரிவிக்கவும் இல்லை. அவர்களுக்காகக் காத்திருந்து புறப்பட்டதால், மலையேறும்போது நல்ல வெளிச்சத்தில் பாதி கழிந்துவிட்டது. ஆள் குறைந்தாலும் வேன் வாடகை குறைவதில்லை என்பதால், வந்தவர்களே வராதவர்களின் பங்கையும் செலுத்தினார்கள். இனி முன்பணம் செலுத்தியவர்களின் பெயர் மட்டுமே பயணப் பட்டியலில் சேர்க்கப்படும் என்று செயற்குழு முடிவெடுத்திருப்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

ஜனவரியில் நடைபெற்ற கூந்தன்குளம் பயணத்துக்கு மட்டும் எதிர்பார்த்ததைவிட அதிகமானோர் வந்திருந்தார்கள். 1994ஆம் ஆண்டு சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2021ஆம் ஆண்டு பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற அந்தக் குளத்தில், இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகளும் ஊசிவால் வாத்துகளும் பூநாரைகளும் நல்ல எண்ணிக்கையில் இருந்தன. ஊருக்குள் வீட்டு முற்றத்து வேம்பிலும் தெருவோர மரங்களிலும் மஞ்சள்மூக்கு நாரைகளும் கூழைக்கடாக்களும் கூடு வைத்திருந்தன. வெயில் ஏறியதும் ஒரு தாய் நாரை, சூரியனுக்கு முதுகு காட்டி நின்று, இரு சிறகுகளையும் பாதி விரித்து, அந்த நிழலுக்குள் குஞ்சுகளை வைத்துக்கொண்டு நெடுநேரம் அசையாமல் நின்ற காட்சியைப் பொறுமையாகக் காத்திருந்தவர்கள் எடுத்தார்கள். அந்தப் படமே ஆண்டின் சிறந்த படமாகத் தேர்வாகியுள்ளது.

அதே நாளில் நடந்த மற்றொன்றையும் சொல்லாமல் விட்டால் இவ்வறிக்கை நேர்மையானதாக இராது. பறவைகள் கூட்டமாக எழும்பும் படம் வேண்டும் என்பதற்காக நம்முடன் வந்த ஒருவர் கரையில் நின்று கைதட்டினார். அருகில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் எழுந்து வந்து, “தீவாளிக்கே நாங்க இந்த ஊர்ல வெடி போடுததில்லய்யா, நீங்க வந்து கைதட்டி வெரட்டுதியளே” என்றார். தலைமுறைகளாகப் பட்டாசுச் சத்தத்தைத் தவிர்த்தும், கூட்டிலிருந்து தவறி விழும் குஞ்சுகளை எடுத்து வளர்த்தும் அந்தப் பறவைகளைக் காத்துவரும் ஊர் அது. தாய்ப்பறவை எழும்பிப் பறந்துவிட்டால் கூட்டிலுள்ள குஞ்சு வெயிலில் வாடும். காகம் முட்டையைக் கொத்திச் செல்லும். ஆகவே கைதட்டுதல், கல்லெறிதல், பறவையின் குரலைக் கைபேசியில் ஒலிக்கச் செய்து வரவழைத்தல், கூட்டின் அருகே ஃபிளாஷ் பயன்படுத்துதல் ஆகியவற்றில் எதைச் செய்தாலும் அந்த உறுப்பினர் அடுத்த ஓராண்டுக்குச் சங்கப் பயணங்களில் கலந்துகொள்ள இயலாது என்ற விதி செயற்குழுவில் ஒருமனதாக நிறைவேற்றப்பட்டது. இவ்விதி கடுமையானது என்று சிலர் வருந்துவதாக அறிகிறேன். அந்தப் பெரியவரின் முகத்தை நேரில் கண்டவன் என்ற முறையில், இது கடுமையானதன்று என்பதே என் கருத்து.

இனி, இவ்வாண்டு சங்கத்தின் நேரத்தையும் பொருளையும் பெருமளவில் எடுத்துக்கொண்ட படித்துறை ஆவணத் திட்டத்தைப் பற்றிக் கூற விழைகிறேன். இதன் பொறுப்பு முழுவதும் என்னைச் சார்ந்ததாலும், இதைக் குறித்துக் கேள்விகள் எழுப்பப்பட்டிருப்பதாலும், விளக்கம் சற்று நீளமாக இருப்பதைப் பொதுக்குழு பொறுத்துக்கொள்ள வேண்டும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையை இந்த அரங்கில் யாரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் மழை பதிவானது; தாமிரபரணி கரை புரண்டது. வெள்ளம் வடிந்த பிறகு நம்மில் சிலர் ஆற்றோரம் நடந்து சென்றோம். குறுக்குத்துறையில் ஒரு கல்மண்டபத்தின் தூணில், ஆள் உயரத்துக்கு மேலே சேற்றுக்கோடு படிந்திருந்தது. தூணின் உச்சியில் உத்தரத்தைத் தாங்கும் போதிகையில் ஆகாயத்தாமரையின் வேர் சிக்கிக் காய்ந்து தொங்கியது. கீழ்ப்படிகள் மணலுக்குள் போயிருந்தன. அவற்றை ஒட்டிச் சில கற்கள் பெயர்ந்து கிடந்தன. அந்தக் கற்கள் வெள்ளத்துக்கு முன் எந்த இடத்தில், எந்த வரிசையில் இருந்தன என்று உடன் வந்த ஒருவர் கேட்டபோது, நாள்தோறும் அங்கே குளிப்பவர்களாலும் உறுதியாகச் சொல்ல இயலவில்லை.

அதற்கான விடை நம்மிடமே இருந்தது. 2018 அக்டோபரில் தாமிரபரணி மகா புஷ்கரம் நடைபெற்றபோது நம் உறுப்பினர்களில் கேமரா வைத்திருந்த அனைவரும் ஆற்றங்கரையில்தான் இருந்தோம். அன்று எடுத்தவை நீராடும் மக்களின் படங்கள், ஆரத்தியின் படங்கள். ஆனால் மக்களின் தலைகளுக்குப் பின்னால் தூண்களும் படிகளும் சுவர்களும் தெளிவாகப் பதிந்திருக்கின்றன. அந்தப் படங்களைத் திரட்டி, அவை எடுக்கப்பட்ட அதே இடத்தில் நின்று, அதே கோணத்தில், லென்ஸின் அதே குவியத்தூரத்தில் (காட்சியை எவ்வளவு நெருக்கிக் காட்டுகிறது என்ற அளவில்) இன்றைய நிலையைப் படமெடுத்து இணைத்து வைப்பதே இத்திட்டம்.

சொல்வதற்கு எளிதாக இருந்தாலும் இதைச் செய்வதற்குப் பொறுமை வேண்டும். பழைய படத்தில் அருகிலுள்ள தூணின் விளிம்பும் தொலைவிலுள்ள கோபுரத்தின் உச்சியும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால், கேமராவை ஒரு சாண் நகர்த்தினாலும் அந்தத் தொடுகை விலகிவிடும். முக்காலியை அங்குலம் அங்குலமாக நகர்த்தித்தான் பழைய இடத்தைக் கண்டுபிடிக்க முடியும். நிழலும் பொருந்த வேண்டுமென்றால் அதே மாதத்தில், அதே வேளையில் போய் நிற்க வேண்டும். கல்லில் சுண்ணாம்போ பெயின்டோ கொண்டு அடையாளம் இடுவதில்லை என்று தொடக்கத்திலேயே முடிவு செய்தோம். அதற்குப் பதிலாக, எந்தத் தூணிலிருந்து எத்தனை அடி, தரையிலிருந்து லென்ஸ் எவ்வளவு உயரம் என்பதை நாடாவால் அளந்து நோட்டில் குறித்துக்கொள்கிறோம். அடுத்த தலைமுறை உறுப்பினர் எவரும் அந்த நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு அதே இடத்தில் போய் நிற்கலாம்.

குறுக்குத்துறை, சிந்துபூந்துறை, வண்ணார்பேட்டை, தைப்பூச மண்டபம் ஆகிய இடங்களில் பணி பெரும்பாலும் நிறைவடைந்துள்ளது. ஆற்றின் மேற்பகுதியில், கடனாநதி வந்து கலக்கும் திருப்புடைமருதூரில் தொடங்கியிருக்கிறோம். 2005ஆம் ஆண்டு நாட்டிலேயே முதலாவதாகப் பாதுகாப்புக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட அந்த ஊரின் மருத மரங்களில் நாரைகள் தங்குவதால், அவை கூடு கட்டாத மாதங்களில் மட்டுமே கரையில் முக்காலி வைக்கிறோம். முறப்பநாடும் ஸ்ரீவைகுண்டமும் இன்னும் தொடப்படவில்லை. 2024 டிசம்பர் மழையில் ஆறு மீண்டும் பெருகியபோது, மாதப் போட்டியைக்கூட நிறுத்திவிட்டு, நீர் இறங்க இறங்க அதே இடங்களில் மறுபடியும் எடுத்தோம். இதனால் சில துறைகளுக்கு மூன்று நிலைகளைக் காட்டும் படங்கள் நம்மிடம் சேர்ந்துள்ளன. மண்டபங்களைப் பழுதுபார்க்க யார் முன்வந்தாலும், எந்தக் கல் எங்கே இருந்தது என்று அவர்களுக்குக் காட்ட இந்தப் படங்கள் பயன்படும்.

இப்படங்களில் அழகில்லை, எந்தப் போட்டியிலும் இவை பரிசு பெறா, சங்கப் பணத்தை இதில் போடுவதற்குப் பதிலாகக் கபினிக்கு ஒரு வனவிலங்குப் பயணம் போயிருக்கலாம் என்று சில உறுப்பினர்கள் கூறியதாக அறிந்தேன். அவர்களின் ஆர்வத்தை மதிக்கிறேன். நானும் காட்டை விரும்புபவனே. ஆனால் கபினிச் சிறுத்தையைப் படமெடுக்க நாடெங்கிலுமிருந்து ஆட்கள் வருகிறார்கள். சிந்துபூந்துறையின் படிகளைப் படமெடுக்க நம்மை விட்டால் வேறு யார் வருவார்கள்? கூந்தன்குளத்துக்கு நீள லென்ஸுகளுடன் திரண்டு வந்த நண்பர்களில் நான்கைந்து பேர், மாதம் ஒரு ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் படித்துறைக்கு வந்திருந்தால், இவ்வாண்டே முறப்பநாடு வரை முடிந்திருக்கும். பெரும்பாலான நாட்களில் முக்காலியைப் பிடிக்க ஒருவர், நாடாவைப் பிடிக்க ஒருவர் என்ற அளவில்தான் பணி நடந்தது. அந்த இளம் உறுப்பினர்கள் இருவரும் இல்லையெனில் இத்திட்டமே இல்லை.

மேலும், 2018 படங்களைத் தந்து உதவுமாறு எல்லோரையும் பலமுறை கேட்டுவிட்டேன். பலர் வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடுவதால், தூணிலுள்ள விரிசல் அதில் தெரிவதில்லை. படமெடுத்த நாளும் நேரமும் அதில் நிற்பதில்லை. கேமராவிலிருந்து எடுத்த மூலக் கோப்பைப் பென் டிரைவிலோ மெமரி கார்டிலோ தந்தால் நானே பிரதி எடுத்துக்கொண்டு திருப்பித் தருவேன். படத்தின் உரிமை எடுத்தவருக்கே உரியது. அவர் பெயரோடுதான் அது சேமிக்கப்படும். ஒருவர் பழைய ஹார்டு டிஸ்க் பழுதாகி எல்லாப் படங்களையும் இழந்துவிட்டதாக வருத்தத்துடன் தெரிவித்தார். மற்றவர்களுக்கும் அந்நிலை வருவதற்குள் தந்துவிடுமாறு வேண்டுகிறேன்.

வரவு செலவைப் பொறுத்தவரை, விரிவான கணக்கைப் பொருளாளர் முன்வைப்பார். சுருக்கமாகச் சொன்னால், சந்தாவும் நன்கொடையும் வரவாகவும், கூட்ட அரங்க வாடகை, பயிற்சி முகாம், பயணங்களுக்கான முன்தொகை, ஆவணத் திட்டத்துக்கான இரண்டு ஹார்டு டிஸ்க்குகள், படங்களை அச்சிட்ட செலவு ஆகியவை செலவாகவும் அமைந்தன. செலவு வரவைச் சற்றே விஞ்சியது. அந்தக் குறையைச் செயற்குழுவினர் சிலர் தங்கள் கையிலிருந்து ஈடுசெய்தார்கள். படங்களைச் சேமிக்க ஒன்றுக்கு இரண்டு ஹார்டு டிஸ்க் எதற்கு என்று கேட்கப்பட்டது. ஒன்று பொருளாளர் வீட்டிலும் மற்றொன்று வேறோர் உறுப்பினர் வீட்டு மாடியிலும் இருக்கின்றன. வெள்ளம் கண்ட ஊரில் இரண்டையும் ஒரே இடத்தில் வைப்பது முறையாகாது.

உறுப்பினர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இவ்வாண்டுச் சந்தாவை இன்னும் செலுத்தவில்லை. சிலருக்கு முந்தைய ஆண்டுப் பாக்கியும் உள்ளது. ஒரு நல்ல லென்ஸ் ஃபில்டரின் விலைகூட ஆகாத தொகை இது. யாரையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுவது என் நோக்கமன்று. பொருளாளரிடம் பட்டியல் இருக்கிறது.

ஆண்டு முழுவதும் வழிகாட்டிய தலைவர் அவர்களுக்கும், ஒத்துழைத்த செயற்குழுவினருக்கும், குறைந்த வாடகையில் அரங்கம் தந்து உதவியவர்களுக்கும், போட்டிகளுக்கு நடுவராக அமர்ந்த மூத்த புகைப்படக் கலைஞர்களுக்கும், கூந்தன்குளம் ஊர்ப் பொதுமக்களுக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி தெரிவித்துக்கொள்கிறேன்.

வரும் ஆண்டில் திருப்புடைமருதூர்ப் பணியை முடித்து, முறப்பநாட்டையும் ஸ்ரீவைகுண்டத்தையும் எடுத்துக்கொள்ள வேண்டும். இதுவரை சேர்ந்த இணைப்படங்களை ஒரு கண்காட்சியாக வைக்க வேண்டும் என்பதும் என் விருப்பம். இவற்றை இப்போதுள்ள ஆள்பலத்திலும் பணநிலையிலும் செய்ய இயலாது என்பதை மறைக்காமல் சொல்கிறேன். செயலாளர் பொறுப்பை இளையவர் ஒருவர் ஏற்க முன்வந்தால், அளவு நோட்டையும் ஹார்டு டிஸ்க்குகளின் விவரத்தையும் இந்தக் கூட்டத்திலேயே மகிழ்ச்சியோடு ஒப்படைப்பேன். திட்டம் நில்லாமல் தொடரும் என்ற உறுதி ஒன்று மட்டுமே எனக்கு வேண்டும். எவரும் முன்வராத நிலையில் மேலும் ஓராண்டு இப்பொறுப்பைச் சுமக்க நான் ஆயத்தமாக உள்ளேன். அப்படியாயின் மாதத்தின் முதல் ஞாயிறு காலை ஆறு மணிக்குப் படித்துறைக்கு வர இயலும் என்பவர்கள், பொருளாளரின் மேசையில் சந்தா ரசீது பெறும்போதே, அருகில் வைக்கப்பட்டுள்ள தாளில் தம் பெயரை எழுதிச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்காகச் சமர்ப்பிக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்