வயநாடு போய்வந்தவர்களின் காய்ச்சல்

நீடாமங்கலம்

அன்புள்ள கோவிந்தராசு,

மகளுக்கு வைகாசியில் கல்யாணம் என்று எழுதியிருந்தாய், வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். சம்பா அறுப்பு முடிந்து வயநாட்டுக்கு மிளகு பறிக்கப் போன உங்கள் தெருக்காரர்கள் காய்ச்சலோடு திரும்பியிருப்பதுதான் கவலையாக இருக்கிறது.

நம் பக்கம் 'உண்ணிக் காய்ச்சல்' என்பது பெரும்பாலும் ஸ்க்ரப் டைபஸ். அது வைரஸ் அல்ல, பாக்டீரியா. அக்குள், தொடை இடுக்கு, அரைஞாண் கயிற்றுக்கு அடியில் சிகரெட்டால் சுட்டதுபோல் கறுத்த பொருக்கு இருக்கிறதா என்று துணி விலக்கிப் பார்க்கச் சொல். வலிக்காது, அதனால் நோயாளிக்கே தெரியாது. டாக்டர் பார்த்து டாக்ஸிசைக்ளின் 100 மி.கி. காலை, மாலை கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும்.

காட்டோரம் வேலை செய்தவர்களுக்குக் குரங்குக் காய்ச்சலும் இருக்கலாம். 1957-இல் சிவமொக்கா பக்கம் கியாசனூர் காட்டில் கண்ட வைரஸ், இப்போது வயநாடு வரை வந்துவிட்டது. டிசம்பர் முதல் மே வரைதான் அதிகம். உண்ணி கடித்த 3 முதல் 8 நாளில் திடீரென்று குளிர்க்காய்ச்சல், கடும் தலைவலி, கெண்டைக்காலிலும் இடுப்பிலும் தாங்க முடியாத வலி, கண் சிவப்பு, வாந்தி. சிலருக்கு ஈறிலும் மூக்கிலும் ரத்தம் வரும். ரத்தம் உறைய உதவும் தட்டணு குறைவதால் டெங்கு என்றே நினைத்துவிடுவார்கள். போய்வந்த இடத்தை டாக்டரிடம் முதலில் சொல்லட்டும். வைரஸைக் கண்டுபிடிக்கும் பி.சி.ஆர். பரிசோதனைக்கு முதல் வாரத்திலேயே ரத்தம் எடுத்துவிட வேண்டும், தள்ளிப்போனால் வைரஸ் அகப்படாது. எது என்று தெரியும்வரை டாக்ஸிசைக்ளினைத் தொடங்கலாமா என்றும் கேட்கட்டும். ஸ்க்ரப் டைபஸில் தாமதம்தான் ஆளைக் கொல்கிறது.

குரங்குக் காய்ச்சலுக்குத் தனி மருந்து இல்லை. பாராசிட்டமால், நீர்ச்சத்து, ரத்த அழுத்தத்தை விடாமல் கவனிப்பது, அவ்வளவுதான். உடம்பு வலிக்கென்று டைக்ளோ ஊசியோ ஆஸ்பிரினோ வேண்டவே வேண்டாம், ரத்தப்போக்கைக் கூட்டிவிடும். காய்ச்சல் விட்டதும் வயலுக்கு இறங்கிவிடுவார்கள், அதைத் தடு. நூற்றுக்குப் பத்து இருபது பேருக்கு ஒன்றிரண்டு வாரம் கழித்துத் திரும்ப வரும். கழுத்து விறைத்தாலோ கை நடுங்கினாலோ பிதற்றினாலோ அன்றைக்கே தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜுக்குக் கூட்டிப் போ. ஆளிடமிருந்து ஆளுக்கு இது தொற்றாது, யாரும் அவர்களை ஒதுக்க வேண்டாம்.

உடம்பில் உண்ணி ஒட்டியிருந்தால் மண்ணெண்ணெய் ஊற்றுவதும் சுடுவதும் கூடாது. முள்வாங்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுத்துவிட்டு சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். மாட்டிலிருந்து எடுக்கும் உண்ணியை நகத்தில் வைத்து நசுக்கும் பழக்கத்தையும் நிறுத்தச் சொல். 2011-இல் நம் நாட்டில் முதன்முதலாகக் குஜராத்தில் தெரியவந்த காங்கோ காய்ச்சல் அப்படி நசுக்குவதாலும் தொற்றும்.

ரத்தம் எடுத்த தேதியையும் முடிவையும் உடனே எழுது.

உன்,
சேகர்