கயலுக்கு, முட்டிச் சில்லு பற்றி

அன்பு மகள் கயலுக்கு,

அப்பா எழுதுவது. "மறுபடியும் நழுவிடுச்சுப்பா, நானே காலை நீட்டிச் சேர்த்துட்டேன்" என்று நேற்று போனில் சாதாரணமாகச் சொன்னாய். உன் முட்டிச் சில்லு நழுவுவது இது நான்காவது தடவை. பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே நழுவுகிறதென்றால் இனியும் தள்ளிப்போடக் கூடாது கண்ணு.

முதல் தடவை, கோ-கோ ஆட்டத்தில் சட்டென்று திரும்பி ஓடும்போது. நான் மைதானத்துக்கு ஓடி வந்து பார்த்தபோது உன் முட்டியின் நடுவில் பள்ளமாக இருந்தது. வெளிப்பக்கம் எலுமிச்சம்பழத்தை உள்ளே வைத்தது போல ஒரு மேடு. பி.டி. டீச்சர் காலை மெல்ல நீட்டியதும் டக்கென்று சேர்ந்துகொண்டது. சேர்ந்ததும் சரியாகிவிட்டதென்று நினைத்தேன். எண்ணெய்க் கட்டு போட்டு மூன்று வாரம் படுக்க வைத்தேன், ஒரு எக்ஸ்ரேகூட எடுக்கவில்லை. அந்தத் தப்பு என்னுடையது.

போன வாரம் இங்கே எலும்பு டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிக் கேட்டேன். தொடை எலும்பின் முனையில் வாய்க்கால் மாதிரி ஒரு பள்ளம் இருக்கிறது. சில்லு அதில்தான் ஏறி இறங்குகிறது. வெளியே சாயாமல் உள்பக்கத்திலிருந்து ஒரு ஜவ்வு அதை இழுத்துப் பிடிக்கிறது. முதல் தடவை நழுவும்போதே அந்த ஜவ்வு பெரும்பாலும் கிழிந்துவிடுமாம். தளர்ந்து ஆறிவிட்டால் அடுத்த தடவைக்கு ஓடவே வேண்டாம். சிலருக்குப் பிறவியிலேயே பள்ளம் ஆழமிருக்காது, அல்லது சில்லு மேலே ஏறியிருக்கும். சின்ன வயதில் கட்டைவிரலை வளைத்து முன்கையைத் தொட்டுக் காட்டுவாயே, அந்த நெகிழ்வும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார். உன் அத்தைக்கும் அப்படித்தான் வளையும்.

முதலில் எம்.ஆர்.ஐ எடுக்க வேண்டும். நழுவும்போது குருத்தெலும்புத் துண்டு ஏதும் உடைந்து உள்ளே கிடக்கிறதா என்று அதில் தெரியும். இத்தனை தடவை ஆன பிறகு முட்டியில் மாட்டும் உறையும் பயிற்சியும் மட்டும் போதாமல் போகலாம். அப்படியானால் தொடைக்குப் பின்னால் இருக்கும் தசைநாரில் ஒன்றை எடுத்துப் புது ஜவ்வாகப் பொருத்துவார்கள். கீழ்க்கால் எலும்பில் சில்லின் தசைநார் பிடிக்கும் இடம் பள்ளத்திலிருந்து 20 மில்லிமீட்டருக்கு மேல் வெளியே விலகியிருந்தால், அந்த எலும்பையும் நகர்த்தி வைக்க வேண்டி வரலாம். ஆட்டத்துக்குத் திரும்ப ஆறு மாதத்துக்கு மேல் ஆகும். தினமும் தொடைத் தசைக்குப் பயிற்சி செய்தால்தான் ஆபரேஷனும் பலன் தரும்; அதில் மட்டும் அப்பா விடமாட்டேன்.

வெள்ளிக்கிழமை ராத்திரி ஈரோட்டில் ரயில் ஏறுகிறேன். சனிக்கிழமை இருவரும் டாக்டரைப் பார்க்கலாம். அதுவரை ஹாஸ்டல் படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே இறங்கு.

அன்புடன்,
அப்பா