அடுப்படியை இழுத்துக் கட்டுவதற்கு முன்னால் சொல்லுங்கள்

மாவட்ட மன்றத்தில் இருக்கும் நம் தமிழ் உறுப்பினர்களுக்கு, வணக்கம்.

போன மாதம் எங்கள் தாமானில், அதாவது எங்கள் வீடமைப்புப் பகுதியில், அனுமதி இல்லாமல் கட்டியதற்காக இன்னொரு வீட்டு கேட்டில் மன்றத்து நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். அந்த வீட்டுப் பெரியவர் தோட்டத்தில் முப்பது வருசம் செம்பனைக் குலை வெட்டியவர். சேமநிதியில் எடுத்த பணத்தில் பின்பக்கம் அடுப்படியை இழுத்து, அதாவது நீட்டிப் பெரிதாக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். மலாயில் இருந்த அந்தத் தாளை என்னிடம் கொண்டுவந்து, "தம்பி, வீட்டைப் பிடுங்கிடுவாங்களா?" என்று கேட்டார். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. அதனால்தான் இந்த மடல்.

நாங்களும் இதே மாதிரி மாட்டியவர்கள். தோட்டத்து லயத்து வீட்டில் இருந்தவரை எதற்கும் தோட்ட ஆபீஸ்தான். தகரம் ஒழுகினால் ஆபீஸ் எழுத்தரான கிராணியிடம் சொல்வோம், வீடு கம்பெனியுடையது என்பதால் அவர்கள்தான் ஆள் அனுப்புவார்கள், பின்னால் நாமாக ஒரு பந்தல் போட்டால் மேனேஜர் கண்டுகொள்ளாதவரை பிரச்சினை இல்லை. மன்றம் என்ற ஒன்று எங்கள் வாழ்க்கையிலேயே கிடையாது. கடன் வாங்கி தாமானில் வீடு எடுத்தபோது அப்பா சொன்ன முதல் வார்த்தை, "இனிமே யாரையும் கேட்க வேணாம்." அவர் சொன்னதில் எவ்வளவு ஆசை இருந்தது என்று எனக்குத் தெரியும். வீட்டு வேலையை எடுத்துச் செய்த குத்தகையாளரும், "பின்னாடிதானே அண்ணே, பெர்மிட் எல்லாம் வேண்டாம், எல்லாரும் இப்படித்தான் கட்டுறாங்க" என்றார். தூண் எழும்பி, கூரை ஏறிய பிறகு நோட்டீஸ் வந்தது. பின்சந்துக் கால்வாய்வரை போயிருந்த மூன்றடியை இடித்தோம், கட்டி முடித்த பிறகு பிளான் வரைய ஆள் தேடினோம்.

அப்போதுதான் மலேசியாவின் 1974-ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தை, அதாவது 133-ஆம் சட்டத்தை, உட்கார்ந்து படித்தேன். அதன் 70-ஆவது பிரிவு சொல்வது சிக்கலானதே அல்ல. மன்றத்தின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் கட்டடம் எழுப்பக் கூடாது. புதிதாக அஸ்திவாரம் போட்டாலும், பழைய அஸ்திவாரத்தின் மேல் கூடுதலாக ஏற்றினாலும், வெளிச்சுவரையோ பக்கத்து வீட்டோடு பொதுவாக இருக்கும் சுவரையோ ஒரு மாடி உயரத்துக்குத் திரும்பக் கட்டினாலும் அதுவும் கட்டடம் எழுப்புவதுதான். சாயம் அடிப்பது, தரைக்கு டைல்ஸ் மாற்றுவது, அடுப்படியில் அலமாரி வைப்பது எல்லாம் வேறு. பின்பக்கம் இழுப்பது, மாடி ஏற்றுவது, முன்னால் கார் நிற்கும் இடத்துக்குத் தூண் நட்டுக் கூரை போடுவது, நடுச்சுவரை உடைப்பது, இதற்கெல்லாம் முதலில் மன்றத்துக்குப் போக வேண்டும். இவ்வளவுதான். இதைத் தமிழில் எங்களுக்கு யாரும் சொன்னதில்லை.

இது வெறும் தாள் விவகாரமும் இல்லை. பிளான் வரைந்தவர் எங்கள் அடுப்படியைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, புகை எங்கே போகும் என்பதுதான். பின்னால் முழுதாக மூடியதில் பழைய ஜன்னல் புது அறைக்குள்ளேயே திறந்தது. 1984-ஆம் ஆண்டின் சீரான கட்டட விதிகளின்படி ஓர் அறையில் வெளிச்சம் வரும் இடம் தரைப் பரப்பில் பத்தில் ஒரு பங்காவது இருக்க வேண்டும், அதில் பாதி அளவுக்காவது காற்று போக வேண்டும். அம்மா ஆறு மாதமாக இருமிக்கொண்டிருந்ததற்குக் காரணம் அன்றைக்குத்தான் புரிந்தது. வரிசை வீடுகளில் ஒருவர் சுவரை உடைத்தால் பக்கத்து வீட்டில் விரிசல் விடும், பின்சந்தை அடைத்தால் கால்வாய் நிரம்பும், தீப்பிடித்தால் ஓட வழி இருக்காது. விதி நல்ல விதி. நான் அதை எதிர்க்கவில்லை.

நான் கேட்பது வேறு. நீங்கள் எங்கள் ஓட்டில் வந்தவர்கள் இல்லை, இந்த நாட்டில் ஊராட்சித் தேர்தல் 1965-லேயே நிறுத்தப்பட்டது, மாநில அரசு உங்களை நியமிக்கிறது. அதனால் எங்களுக்கு இருப்பது வாய் மட்டும்தான். வருசத்துக்கு இரண்டு தடவை வீட்டு வரி பில் அனுப்புகிறீர்கள் அல்லவா, அதோடு தமிழில் ஒரே ஒரு தாள் வையுங்கள். எந்த வேலைக்கு பெர்மிட் வேண்டும், எதற்கு வேண்டாம், எந்த கவுண்டர், பக்கத்து வீட்டுக்காரரின் சம்மதக் கடிதம் வேண்டுமா, பிணைப்பணம் எவ்வளவு, அது எப்போது திரும்ப வரும், பிளானை யார் வரையலாம் என்று அதில் இருக்கட்டும். கோயில் மண்டபத்திலோ தமிழ்ப்பள்ளியிலோ ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டடப் பிரிவு அதிகாரியைக் கூட்டி வந்து உட்கார வையுங்கள். அப்புறம் அந்தக் குத்தகையாளர்கள்: பெர்மிட் வேண்டாம் என்று சொல்லிக் காசு வாங்குகிறவர்கள் நோட்டீஸ் வரும்போது காணாமல் போகிறார்கள், அகப்படுவது வீட்டுக்காரர் மட்டும். அதையும் மன்றக் கூட்டத்தில் பேசுங்கள்.

அந்தப் பெரியவரை நான் திங்கட்கிழமை கவுண்டருக்குக் கூட்டிப் போகிறேன். உங்களில் ஒருவர் எங்களோடு வந்தால் அவருக்குத் தைரியமாக இருக்கும். அடுத்த வரி பில்லுக்குள் அந்தத் தாளை அச்சடிக்க முடியும். மொழிபெயர்க்க ஆள் வேண்டுமென்றால் என்னைக் கூப்பிடுங்கள், சனி ஞாயிறு எனக்கு வேலை இல்லை.