கண்ணாடி சட்டைப் பையில்தான் இருந்தது

வெள்ளவத்தை,
ஞாயிறு காலை

அன்பு மகளுக்கு,

சிறையிலிருக்கும் ஒரு பத்திரிகையாளருக்காகக் கையொப்பம் போட்டதாகச் சொல்லிவிட்டு, "வெறும் பெயரால என்ன நடக்கப்போகுது அப்பா?" என்று நேற்றுக் கேட்டாய். போனில் எனக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை.

2007இல் காஸாவில் பி.பி.சி. செய்தியாளர் அலன் ஜோன்ஸ்டனைக் கடத்தி 114 நாள் வைத்திருந்தார்கள். அவருக்காக இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டார்கள். கடத்தியவர்கள் அதைக் கண்டு பயந்து விடவில்லை. காஸாவைக் கையில் வைத்திருந்த ஹமாஸ் இயக்கம் நெருக்கியதால்தான் விட்டார்கள். ஆனால் அடைத்துவைத்த அறையில் அவருக்கு ஒரு ரேடியோ கிடைத்திருந்தது. தனக்காக எங்கெங்கோ சனம் கூடுவதை அதில்தான் கேட்டார். இரவில் பி.பி.சி. தமிழோசைக்காக நான் ஏரியலைத் திருப்பித் திருப்பி வைப்பேனே, ஞாபகமா? செய்தி கேட்கவே அந்தப் பாடு. தன் பெயரையே கேட்க ஒரு மனிதன் எப்படிக் காதைக் கொடுத்திருப்பான் என்று யோசித்துப் பார்.

சரி, நம் ஊருக்கு வருகிறேன். 2008 மார்ச்சில் கொழும்பில் பத்திரிகையாளர் ஜே.எஸ். திஸ்ஸநாயகத்தைப் பிடித்தார்கள். சஞ்சிகையில் எழுதிய கட்டுரைகளுக்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் வழக்கு. குற்றப்பத்திரிகை வரவே ஐந்து மாதம். அந்த நாட்களில் ஒரு நண்பர் கந்தோருக்கு ஒரு தாள் கொண்டுவந்தார், பதினைந்து பதினாறு கையொப்பம் இருக்கும். பேனை மூடியைக் கழற்றியே நீட்டினார். எனக்கு நீதான் கண்ணுக்குள் நின்றாய். உயர்தரப் பரீட்சை வருடம், சந்திக்குச் சந்தி சோதனைச்சாவடி. "கண்ணாடி கொண்டுவரேல்லை" என்றேன். அவர் என் சட்டைப் பையைப் பார்த்தார். கண்ணாடி அதற்குள்தான் இருந்தது. ஒன்றும் பேசாமல் தாளை மடித்துக்கொண்டு போய்விட்டார். உன் அம்மாவிடம்கூட இதைச் சொன்னதில்லை.

2009 ஓகஸ்டில் திஸ்ஸநாயகத்துக்கு 20 வருடக் கடூழியச் சிறை. அதற்குள் ஒபாமா வரை அவர் பெயரைச் சொல்லியாகிவிட்டது. வெளிநாட்டில் விருதும் அறிவித்தார்கள். 2010 ஜனவரியில் பிணை, மே மாதம் பொதுமன்னிப்பு. யாரும் வாய் திறக்காமல் இருந்திருந்தால் எட்டே மாதத்தில் அது நடந்திருக்கும் என்று நான் நம்பமாட்டேன்.

எல்லாருக்கும் அப்படி வாய்க்கவில்லை. அதே 2010 ஜனவரி 24 அன்று காணாமல் போன பத்திரிகையாளர் பிரகீத் எக்னெலிகொட இன்னும் வீடு வரவில்லை. அவர் மனைவி சந்தியா 2022இல் முகத்துவாரம் காளி கோவிலில் தலையை மழித்து நீதி கேட்டார். கணவர் திரும்பாவிட்டாலும், அவர் பெயரைக் கோப்போடு கட்டிவைக்க அந்த மனுசி விடவில்லை. அவர் பக்கத்தில் நாலு பேர் நிற்பதும் பெரிய காரியம்தான்.

நீ கையொப்பமிட்ட அதை எனக்கும் அனுப்பு. போனில் எப்படிப் போடுவதென்று மேல்வீட்டுத் தம்பியிடம் கேட்டுக்கொள்கிறேன். அம்மா மிளகாய்த்தூள் வறுத்து இடித்து வைத்திருக்கிறா, யாராவது வந்தால் தந்துவிடுகிறோம்.

அன்புடன்,
அப்பா