நடைக்கணக்குப் பலகையில் எதைப் போடுவது?

ஆசிரியருக்கு,

அலுவலகங்களிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் யார் எத்தனை அடி நடந்தார் என்று பெயரோடு பலகையில் போடுகிறார்கள். நாலு பேர் பார்க்கிறார்கள் என்றால் கால் தானாக நடக்கும், அதில் தப்பில்லை. மொத்த அடிகளை வைத்து முதலிடம், கடைசி இடம் என்று வரிசை போடுவதுதான் காரியத்தைக் கெடுக்கிறது. ஏற்கெனவே மைதானம் சுற்றுகிறவரே எப்போதும் மேலே இருப்பார். உண்மையில் நடக்க வேண்டியவர், மூட்டுவலிக்காரரோ நாள் முழுக்க நாற்காலியில் இருப்பவரோ, சத்தமில்லாமல் விலகிவிடுவார்.

எண்ணிக்கையையும் அப்படியே நம்ப முடியாது. அடிகளை எண்ண மணிக்கட்டில் கட்டும் கைப்பட்டை கணக்கிடுவது கையின் அசைவைத்தான். குழந்தை வண்டியைத் தள்ளினாலும், இரண்டு கையிலும் பை தூக்கினாலும் அடிகள் குறையும். குண்டும் குழியுமான சாலையில் ஸ்கூட்டர் ஓட்டினால் ஏறும். பரிசு வேறு அறிவித்துவிட்டால் கேட்கவே வேண்டாம், உட்கார்ந்தபடியே கையை ஆட்டுவார்கள்.

முதல் இரண்டு வாரம் பலகையே வேண்டாம். அவரவர் தினசரிச் சராசரியை மட்டும் குறித்துக்கொள்ளட்டும். பிறகு அதற்கு மேல் 1,000 அடி இலக்கு: 3,000 நடப்பவருக்கு 4,000. பலகையில் அடிக்கணக்கு இருக்கக் கூடாது. இலக்கை எட்டிய நாள்கள் மட்டும், ‘7-க்கு 5’ என்று. இடையில் கருவியை மாற்றினால் சராசரியை மறுபடி எடுக்க வேண்டும். எல்லாருக்கும் 10,000 என்று நிர்ணயிப்பது வீண். அது 1960-களில் ஜப்பானில் அடி எண்ணும் கருவி விற்பதற்காக வந்த எண். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பு. நிமிடத்துக்குச் சுமார் 100 அடி வைத்து நடந்தால் அந்த மிதமான அளவு வந்துவிடும்.

எடை, இதயத் துடிப்பு, தூக்கம் மூன்றும் பலகைக்கு வரவே கூடாது. நடந்த பாதையின் வரைபடமும் அப்படித்தான். ஓட்டத்தையும் நடையையும் பதிவுசெய்யும் ஸ்ட்ராவா செயலி வெளியிட்ட உலக வரைபடத்தில் ராணுவ முகாம்களுக்குள் வீரர்கள் ஓடிய தடங்கள் தெரிவது 2018 ஜனவரியில் அம்பலமானது. விடியற்காலையில் தனியாக ஒரே தெருவில் நடக்கும் பெண்ணுக்கு அதைவிட ஆபத்து அதிகம். பகிர்ந்தே ஆக வேண்டுமென்றால், வீட்டைச் சுற்றியுள்ள பகுதியை மறைக்கும் வசதி செயலியிலேயே இருக்கிறது.

ஒப்புதலை எழுத்தில் வாங்க வேண்டும். வேண்டாம் என்றால் அன்றே எடுத்துவிட வேண்டும். பெயருக்குப் பதில் வீட்டு எண் போடுகிறோம் என்பார்கள் சங்கத்தார். குடியிருப்பில் பெயரைவிட அதுதான் ஆளைச் சீக்கிரம் காட்டிக்கொடுக்கும். அவரவர் தேர்ந்தெடுத்த புனைபெயர் போதும்.

- உடற்பயிற்சிப் பயிற்றுநர்கள் சிலர், திருச்சி